வெள்ளோட்டம்

திருவிழாவுக்குரிய தேரைப் புதிதாகச் செய்தாலும் சரி, பழைய தேரைப் பழுது பார்த்தாலும் சரி, அதில் உடனே இறைவன் திருமேனியை எழுந்தருளச் செய்வதில்லை. வெறுந்தேரை ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு நெரிகிறதா, சக்கரம் ஒரு பக்கம் சாய்கிறதா, முட்டுக்கட்டை போட்ட இடத்தில் தேர் நிற்கிறதா என்று தச்சரும் கொல்லரும் உடன் நடந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். வடம் பிடிப்பவர்களுக்கு அன்று விரைவு வேண்டியதில்லை. தேர் பழுதின்றி நிலைக்குத் திரும்பினால் போதும். கோடை விடுமுறை கழிந்து, மீண்டும் நண்பர்களோடு கூடி மிதிவண்டியில் உலாப் புறப்படும் முதல் நாளுக்கு இந்தச் சொல் மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வட சென்னையில், இராயபுரத்தில் வாழ்பவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பொழுது புலர்வதற்கு முன் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இராயபுரம் இரயில் நிலையத்தின் வாயிலில் கூடுவோம். அந்த நிலையத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1856 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஆர்க்காட்டுச் சீமையை நோக்கி அங்கிருந்துதான் புறப்பட்டது. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதன் முன்னிருந்து கிளம்பிக் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தைக் கடந்து, கடலை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை செல்வது எங்கள் முழுப் பயணம். போவதற்குச் சற்றேறக்குறைய 15 கிலோமீட்டர், திரும்புவதற்கும் அவ்வளவே. முகத்துவாரத்தில் கொசத்தலையாற்று நீர் கடலோடு கலக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று, பறவைகளைப் பார்த்து, தேநீர் அருந்திவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான் எங்கள் சாதனை.

எங்கள் கூட்டத்தில் கல்லூரி மாணவர் நால்வர் உண்டு. பள்ளியில் மேல்நிலை வகுப்புப் படிப்பவர் மூவர் உண்டு. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவர், எஞ்சியவர்கள் என்னைப் போன்ற நடுவயதினர். வண்டிகளும் அவ்வாறே பல வகை. இருபது முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கியர் வண்டியும் உண்டு. தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் மிதிவண்டியும் உண்டு. இரண்டும் ஒரே சாலையில், ஒரே வரிசையில் செல்கின்றன. இந்த வேற்றுமை பின்னால் நான் சொல்லப்போகும் செய்திக்கு வேண்டும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இப்பகுதிக்கு மிதிவண்டிக் கூட்டம் புதியதன்று. 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955 இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா திருவொற்றியூரிலும் தொழிற்சாலை அமைத்தன. இன்னும் பல ஆலைகளும் இங்கே இருந்தன. வேலை விடும் சங்கு ஊதியதும் மிதிவண்டிகள் வாயிலிலிருந்து வெள்ளம்போல் வெளிவந்த காட்சியை இப்பகுதி மூத்தோர் இன்றும் வருணிப்பார்கள். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஆண்டு முழுதும் நாள்தோறும் மிதித்தவர்கள். விட்டுவிட்டு மீண்டும் தொடங்கும் இடர் அவர்களுக்கு இல்லை. அந்த இடர் பொழுதுபோக்காக மிதிப்பவர்களுக்கே உரியது.

மகிழ்ச்சிக்காகக் கூடி மிதிவண்டி ஓட்டும் வழக்கம் உலகில் நூற்றைம்பது ஆண்டு அளவில் பழமை உடையது. இங்கிலாந்தில் 1878 ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிச் சுற்றுலாவுக்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெசுட்டு நகர் வரை சென்று திரும்பும் நெடும்பயணம் 1891 இல் ஓட்டப் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பந்தயமாக இன்றிப் பயணமாகவே நடைபெறுகிறது. அதன் வழிவந்த 200 கிலோமீட்டர்ப் பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவருக்குத் தனிச்சிறப்பு இல்லை. சென்னையிலும் இத்தகைய நெடும்பயணங்கள் நடக்கின்றன. பழமையான கட்டடங்களையும் கோயில்களையும் காண்பதற்கென்றே மிதிவண்டியில் கூடிச் செல்லும் 'சைக்கிளிங் யோகிஸ்' போன்ற குழுக்களும் இந்நகரில் உள்ளன. இவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் கூட்டம் மிகச் சிறியது. அதற்குப் பெயர்கூட இல்லை.

சித்திரை பிறந்ததும் எங்கள் கூட்டம் கலையத் தொடங்கும். தேர்வு முடிந்த மாணவர்கள் பாட்டி வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் போய்விடுவார்கள். பெரியவர்களுக்குத் திருமணங்களும் திருவிழாக்களும் வந்து சேரும். ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து, சூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வேளையில் எல்லோரும் மீண்டும் கூடுவோம். அந்த முதல் ஞாயிறு பார்ப்பதற்கு மிகவும் மகிழ்ச்சியானது. உண்மையில் ஆண்டின் மிக இடரான ஞாயிறும் அதுவே. ஏனெனில், விடுமுறைக்கு முன் தாம் எந்த வேகத்தில் சென்றோமோ அதே வேகத்தில் இன்றும் செல்ல முடியும் என்று ஒவ்வொருவரும் நம்புகின்றனர். தம்மால் இயலவில்லை என்று முதலில் சொல்ல ஒருவரும் விரும்புவதில்லை.

உடலில் என்ன நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பழக்கம் நின்ற சில நாள்களிலேயே நம் குருதியின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளித்தள்ளும் குருதியின் அளவும் குறைகிறது. அதே வேலையைச் செய்ய இதயம் முன்னிலும் விரைவாகத் துடிக்க வேண்டியதாகிறது. பல மாதங்கள் கடுமையாகப் பயின்ற எழுவரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1984 இல் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டார்கள். உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதல் 3 வாரங்களில் நூற்றுக்கு 7 பங்கு குறைந்தது. 8 வாரம் ஆனபோது 16 பங்கு குறைந்திருந்தது. அதன்பின் மேலும் குறையவில்லை. தசைகளில் பயிற்சியால் பெருகியிருந்த நுண்குழாய்களோ அப்படியே நிலைத்திருந்தன. ஆகவே எல்லாம் போய்விட்டது என்று அஞ்சவும் வேண்டாம். ஒன்றும் போகவில்லை என்று செருக்கவும் வேண்டாம்.

இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டு. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லசு நகரில், உங்களைப் போன்ற 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உடலுழைப்பு ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பின்பு எட்டு வாரம் பயிற்சி அளித்தபோது அனைவரும் இழந்ததை மீட்டனர். முன்பு உழைத்துப் பழகாதவர்கள் பழைய அளவையும் கடந்து சென்றனர். முப்பது ஆண்டு கழித்து, அதே ஐவரை மீண்டும் அழைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே மிகுதி என்று தெரிந்தது! விடுமுறையில் நீங்கள் யாரும் மூன்று வாரம் படுத்தே கிடக்கவில்லை என்று நம்புகிறேன். கைப்பேசியைக் கையில் ஏந்தியபடி படுத்திருந்தவர்கள் மட்டும் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஓய்வெடுத்த கால்கள் முதல் நாளில் களைப்பின்றிப் புத்துணர்வோடு இருக்கும். மிதிக்க மிதிக்க வண்டி பறப்பதுபோல் தோன்றும். மூச்சும் இதயமும் பின்தங்கியிருப்பதைக் கால்கள் நமக்குச் சொல்வதில்லை. எங்கள் பாதையில் இந்தச் சூழ்ச்சிக்குக் காற்றும் துணை செய்கிறது.

எங்கள் பாதை ஏறக்குறையச் சமதரை. மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆதலின் புதிதாக வருபவர்கள் இதை எளிய வழி என்று எண்ணுவார்கள். எங்களுக்கு மலையும் மேடும் காற்றுத்தான். சித்திரை, வைகாசியில் கடற்கரைக் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். பள்ளி திறக்கும் நாள்களில் காலைக் காற்று தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும். நாங்கள் செல்வது வடக்கே. ஆகவே போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. தள்ளுவது காற்று என்று அறியாமல், தன் வலிமை என்று எண்ணி முகத்துவாரம் வரை விரைந்து சென்றவர், திரும்பும்போதுதான் அந்தக் காற்றின் முகத்தைப் பார்க்கிறார். அதற்குள் வெயிலும் ஏறிவிடுகிறது. இன்னும் 15 கிலோமீட்டர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாக மாறும்: போவது கடினம், திரும்புவது எளிது. காலாண்டு விடுமுறைக்குப் பின் நீண்ட நாள் விட்டுவிட்டு அந்தப் பருவத்தில் வருபவர்கள் அவ்வளவாக ஏமாறுவதில்லை. கோடைக்குப் பின் வருபவர்களே ஏமாறுகிறார்கள்.

காற்றின் கணக்கு இயற்பியல் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய உழைப்பு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் உழைப்பு எட்டு மடங்கு. முன்னால் செல்பவர் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 24 கிலோமீட்டராகச் 'சற்றே' கூட்டினால், காற்றை வெல்ல மட்டும் 1.7 மடங்குக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். அவருக்குச் சற்றே என்பது, கடைசியில் வரும் பதினோராம் வகுப்பு மாணவனுக்குச் சற்றே ஆகாது. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால் பின்னால் வருபவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் நெருங்கிச் செல்லும் நம்பிக்கையும் விடுமுறையில் தளர்ந்திருக்கும். அவர் இடைவெளி விட்டு வருவார், இடைவெளி விட்டதால் காற்று முழுதும் அவர் மார்பில் மோதும், மேலும் பின்தங்குவார். வலியவர் எளிதாகச் செல்ல, எளியவர் கடுமையாக உழைக்கும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

இதற்கு நாங்கள் கையாளும் அளவுகோல் மிக எளியது. அது பேச்சு. வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால், அந்த வேகம் தகும். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தகாது. இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரங்கள் இப்போது வந்துவிட்டன. எங்களுள் இருவர் அணிந்திருக்கின்றனர். எனினும் கூட்டத்துக்குக் கடிகாரத்தைவிடப் பேச்சே நல்லது என்பது என் கருத்து. கடிகாரம் அணிந்தவருக்கு மட்டும் செய்தி சொல்கிறது. பேச்சு நின்றுவிட்டால் அது எல்லோருக்கும் கேட்கிறது. பின்வரிசையில் சிரிப்பும் கதையும் ஓய்ந்து அமைதி நிலவினால், முன்னால் செல்பவர் திரும்பிப் பாராமலே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். தண்டையார்ப்பேட்டையிலிருந்து வரும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், விடுமுறையைத் திருநெல்வேலிப் பக்கத்தில் தாத்தா வீட்டில் கழித்துவிட்டு வந்தான். அரசு தந்த மிதிவண்டி அவனுடையது. முதல் ஞாயிறன்று கல்லூரி மாணவர்களோடு தோளுக்குத் தோள் நின்று முகத்துவாரம் வரை போய்விட்டான். திரும்பும்போது எர்ணாவூர் மேம்பாலத்தின் அடியில் இறங்கி உட்கார்ந்துவிட்டான், முகம் வெளுத்திருந்தது. நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் காத்திருந்து, மெல்ல அழைத்து வந்தோம். ஒருவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எனினும் அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பெரியவர் அவனைக் கடைத்தெருவில் கண்டு, "என்ன தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார்.

"பத்துப் பேர் எனக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள், ஐயா. அது எனக்கு என்னவோபோல் இருக்கிறது," என்றானாம் அவன்.

பெரியவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியானால் வருகிற ஞாயிறு நீதான் கடைக்காவல். காற்றடிக்கும் பம்பு உன்னிடம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காவல் என்பது எங்கள் கூட்டத்துச் சொல். வரிசையின் கடைசியில் வருபவருக்கு அந்தப் பெயர். பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், திருகுச்சாவியும் அவரிடம் இருக்கும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. அவர் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு முன்னால் செல்பவர் போகக்கூடாது. அதுவரை அந்த வேலையை எங்களுள் வலிமை மிக்க ஒருவரே செய்து வந்தார். பெரியவர் அதை மாற்றிவிட்டார். அந்த ஞாயிறு பையன் வந்தான். மெல்ல வருவது அன்று அவனுடைய குறையாக இல்லை, கடமையாக இருந்தது. நாங்கள் நின்றபோதெல்லாம் அவனுக்காக நின்றோம் என்று யாரும் நினைக்கவில்லை. கடைக்காவல் வந்து சேரவேண்டும் என்பது விதி, ஆதலின் நின்றோம். மூன்று ஞாயிறு கழிந்ததும் அவனே பம்பைக் கொண்டுபோய் மஞ்சள் காமாலையிலிருந்து தேறி வந்த வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வரிசையின் நடுவுக்கு வந்துவிட்டான். அன்று முதல் நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவருக்கே கடைக்காவல் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. விடுமுறைக்குப் பின் பலர் ஒன்றாக வந்தால், அதற்கும் போட்டி உண்டு!

உடலைப் பற்றிச் சொன்னேன். வண்டியும் இரண்டு மாதம் சும்மா நின்றதை மறக்கக்கூடாது. கடலருகில் வாழும் எங்களுக்கு உப்புக்காற்று ஒரு தனிப் பகை. சங்கிலி செந்நிறமாகத் துருப்பிடித்திருக்கும். அதை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் இடுங்கள். மிகுதியை வழித்துவிடுங்கள், இல்லையேல் மணல் ஒட்டிக்கொள்ளும். டயரில் காற்று இறங்கியிருந்தால் பஞ்சர் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். ரப்பரின் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிவது இயல்பே. காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பிரேக் கட்டைகள் இறுகிப் பளபளப்பாகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. ஆரக்கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தால் தளர்ந்தது எது என்று விரல்களுக்கே தெரியும். பள்ளி மாணவர்களுக்கு இன்னும் ஒன்று: இரண்டு மாதத்தில் நீங்கள் வளர்ந்திருப்பீர்கள், வண்டி வளர்ந்திராது. இருக்கையில் அமர்ந்து, கீழே தாழ்ந்திருக்கும் மிதியின்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் இருக்கையை உயர்த்துங்கள். முழங்கால் வலி என்று வரும் பலருக்கு மருந்து வேண்டுவதில்லை, ஒரு திருகுச்சாவியே போதும்.

இனி, இவை எல்லாவற்றினும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சாலையைப் பற்றி. எண்ணூர்ச் சாலை சரக்குப் பெட்டி லாரிகளின் சாலை. சென்னைத் துறைமுகத்துக்கும், 2001 இல் திறக்கப்பட்ட எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கும் செல்லும் 40 அடிப் பெட்டிகள் இரவும் பகலும் இவ்வழியே இழுத்துச் செல்லப்படுகின்றன. ஞாயிறு விடியலிலும் அவை ஓய்வதில்லை. அந்த நீண்ட வண்டி இடப்புறம் திரும்பும்போது, முன்சக்கரம் சென்ற தடத்தில் பின்சக்கரம் வராது. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். அப்போது இடப்பக்கத்தில் நிற்பவரை ஓட்டுநர் பார்க்கவே முடியாத கோணம் ஒன்று உண்டு. ஓட்டுநர் கொடியவர் அல்லர்; அவருக்குத் தெரிவதில்லை. லாரி நின்றுகொண்டிருந்தாலும் அதன் இடப்புறச் சந்தில் புகுந்து முன்னேறாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், உங்கள் முகம் அவருக்கும் தெரியவில்லை.

விடுமுறைக்குப் பின் முதலில் மங்கியிருப்பது வலிமையைவிட இந்த விழிப்புத்தான். முன்வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நம் முன்சக்கரம் நுழைந்துவிடுவது கூட்டப் பயணத்தில் நேரும் விழுகைகளுக்கு முதற்காரணம். முன்னால் செல்பவர் ஒரு குழியைக் கண்டு அரை அடி விலகினாலும் சக்கரங்கள் உரசும். விழுபவர் பெரும்பாலும் பின்னவரே. விழும் இடத்தின் அருகில் எப்படிப்பட்ட வண்டிகள் ஓடுகின்றன என்பதை இப்போதுதான் சொன்னேன். ஆகவே முதல் இரண்டு ஞாயிறும் ஒரு வண்டி நீளத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுகிறோம். காற்றின் நிழலில் கிடைக்கும் மிச்சத்தை அந்நாள்களில் நாங்கள் விரும்புவதில்லை. குழியைக் கையால் சுட்டுவதும், நிற்கப்போகும்போது கையைத் தாழ்த்திக் காட்டிக் குரல் கொடுப்பதும் மறந்திருக்கும். புறப்படும் முன் நிலைய வாயிலிலேயே ஒருமுறை செய்து பார்த்துக்கொள்கிறோம். சாலையைத் தண்டவாளம் வெட்டும் இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்ந்து கடந்தால் சக்கரம் தண்டவாளத்தின் பள்ளத்தில் சிக்கும்.

வெயிலும் ஒரு பாடம் கற்பிக்கும். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். குளிர்ந்த ஊரில் சில வாரம் இருந்து வந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். கொடைக்கானலிலோ உதகையிலோ விடுமுறையைக் கழித்தவர்கள், நண்பர்கள் வியர்க்காத வேளையில் தாம் தவிப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். சூன் மாதத்தில் சென்னையில் 5:45 மணி அளவில் கதிரவன் எழுகிறான். நாங்கள் 5 மணிக்கே விளக்குடன் புறப்பட்டு, 7:30 மணிக்குள் திரும்பிவிடுகிறோம்.

மூச்சைப் பற்றி வட சென்னையில் பேசும்போது காற்றின் தூய்மையைச் சொல்லாமல் விட முடியாது. அமைதியாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்க் காற்றை உள்ளிழுக்கிறோம். கடுமையாக மிதிக்கும்போது அது 60, 80 லிட்டராகவும் அதற்கு மேலும் உயர்கிறது. மூக்கை விட்டு வாயாலும் மூச்சு விடுகிறோம். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையும், லாரிகளின் புகையும் அதே அளவில் உள்ளே செல்லும். 1970 முதல் இயங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 இல் மூடப்பட்டுவிட்டது; எனினும் இப்பகுதியின் காற்று தூயதாகிவிட்டது என்று சொல்லும் நிலை வரவில்லை. 2023 டிசம்பர் 26 ஆம் நாள் இரவு எண்ணூரில் கடலடிக் குழாயொன்றிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் உறக்கம் கலைந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். கண் எரியும் நெடி எழும் நாளில் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். அந்த நாளில் மீதித் தொலைவைப் பற்றி எவரும் வாதாடுவதில்லை. அங்கேயே வாழ்பவர்களுக்கு அவ்வாறு திரும்பிச் செல்ல வேறு இடம் இல்லை என்பதை, திரும்பும்போது பெரியவர் எங்களுக்கு நினைவூட்டத் தவறியதில்லை.

எங்கள் வெள்ளோட்டம் மூன்று ஞாயிறு நடக்கும். முதல் ஞாயிறு திருவொற்றியூர்க் கோயில் குளக்கரை வரை. போகவும் வரவும் 13 கிலோமீட்டர் அளவு. 'இவ்வளவுதானா?' என்று கல்லூரி மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்க மூச்சு மிச்சம் இருக்கிறது என்பதே நாங்கள் வேண்டியது. இரண்டாம் ஞாயிறு எர்ணாவூரைத் தாண்டிச் சென்று திரும்புவோம். இடையில் வாரநாள்களில் இரண்டு முறை அவரவர் தெருவைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஓய்ந்து ஒரு நாள் மட்டும் உழைப்பதைவிட, இடையிடையே சிறிது சிறிதாக உழைப்பதை உடல் நன்கு ஏற்கிறது. மூன்றாம் ஞாயிறு முகத்துவாரம். அதுவரை எவரும் வரிசைத் தலைவரை முந்துவதில்லை.

இந்த மூன்று ஞாயிறுகளில் ஒன்று காசிமேட்டுக்கும் பெருநாள். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்பது மீன்கள் இனம் பெருகும் பொருட்டு அரசு விதித்த தடை. நம் விடுமுறையும் படகுகளின் விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றே. அந்நாள்களில் மீனவர்கள் படகுக்கு வண்ணம் பூசி, எந்திரத்தைப் பிரித்துச் சேர்த்து, வலைகளைச் செப்பனிடுவார்கள். தடை நீங்கிப் படகுகள் கரை திரும்பும் முதல் ஞாயிறன்று துறைமுக வாயிலில் நகரமே திரண்டிருக்கும். பனிக்கட்டி உருகிய நீரும் மீன் கழுவிய நீரும் சாலையில் பரவி வழுக்கும். அன்று நாங்கள் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே அந்த இடத்தைக் கடக்கிறோம். பெரியவரும் தையற்கடை அம்மையாரும் வஞ்சிரத்தின் விலையை விசாரிக்காமல் வரமாட்டார்கள் என்பதால், அதற்கென்று பயணத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.